நீரு இறங்கும்

நான் தக்கலைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த காலத்தில், குழித்துறைப் பாதையில் ஓடிய ஆறு பஸ்களும் ஒரே முதலாளியுடையவை. கனத்த மனிதர், கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, செருப்பில்லாத கால். போட்டிக்கு வந்தவர்களை எல்லாம் விரட்டிவிட்டவர். ஆனாலும் காலை பஸ்ஸில் அவரே நின்று டிக்கெட் கொடுப்பார். ஏறுகிறவர்களின் சுமையை வாங்கி உள்ளே வைப்பார்.

ஒருநாள் நான் போன பஸ்ஸில் மரச்சீனிக் கிழங்குக் கூடையோடு ஒரு கிழவி ஏறி முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். அதே பெஞ்சில் இருந்த, சட்டம் படித்த ஒரு வக்கீல் துள்ளி எழுந்தார்.

"கீழ்ஜாதிக்காரி பக்கத்துல எப்படி ஓய் இருக்கது? அவள இறக்கிவிடும்."

முதலாளி பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். "அவளும் டிக்கெட் எடுத்திருக்கா. பிடிக்கல்லேன்னா நீரு இறங்கும்."

வக்கீல் இறங்கினார். அவரோடு ஏழெட்டுப் படித்த மனிதர்களும் வெட்கமில்லாமல் இறங்கினார்கள்.

"பெரிய ஆளுகளப் பகைச்சா தொழில் என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டேன்.

அவர் கிழவியின் கூடையை ஓரமாக நகர்த்தி வைத்தார். "இவனுவ பேச்சக் கேட்டு எத்தனையோ பேர நடுவழியில இறக்கிவிட்டவன் நான், வாத்தியாரே. அப்படித்தான் ஆறு பஸ் ஆச்சு. ஒண்ணுலயாவது நிம்மதியா உக்காந்திருப்பேனா?"

சொல்லிவிட்டு, கிழவிக்கு எதிரே காலியான இடத்தில் உட்கார்ந்தார்.

அந்த வருஷமே பெரிய மனிதர்கள் சேர்ந்து வேறு பஸ் விட்டார்கள். இவர் நாலு பஸ்ஸை விற்றார். மிச்சமிருந்த இரண்டிலும் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்தார்கள்.

வக்கீல் எழுந்தபோது நானும் பாதி எழுந்திருந்தேன். அதை முதலாளி கவனித்தாரா என்று கேட்க எனக்குக் கடைசிவரை துணிவு வரவில்லை.