படத்துப் பிள்ளைக்கு நேர்ந்த அர்ச்சனை

சூடேறிய வீடியோ 'டெக்'கிலிருந்து எழுந்த ரப்பர் மணமும், அவித்த கடலையின் ஆவியும், யன்னல்களைப் பூட்டி வைத்த கூடத்தின் புழுக்கமும் ஒன்றாய்க் கலந்து, பௌர்ணமிதோறும் வரும் போயா விடுமுறைகளில் ஒன்றின் பகலை இன்றும் என் நாசிக்குள் வைத்திருக்கின்றன.

எண்பத்துமூன்றில் தமிழரைத் தாக்கிய கலவரம் எங்கள் குண்டசாலை வீட்டைத் தொடாமல் கடந்துபோன பிற்பாடு, கண்டிக் கச்சேரி என்னும் அரசாங்க அலுவலகத்தில் இலிகிதராக இருந்த அப்பா வீதியில் தமிழில் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். விளக்கேற்றியதும் வாசல்வரை கேட்கும்படி அம்மா பாடிவந்த மாலைப் பதிகமோ உதட்டளவில் ஒடுங்கிப்போயிற்று. அதனை 'வாய்க்குள்ள பாடுறது' என்பார். கேட்க வேண்டியவனுக்குக் குரல் வேண்டியதில்லை என்ற துணிவு அவருக்கு இருந்தது. ஆயினும் பாடி முடித்தபின் வெகுநேரம் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்த வீட்டு ரசீன் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் அழைப்போம்) நகரத்தில் புடைவைக்கடை வைத்திருந்தவர். 'டெக்'கையும் கசெற்றையும் படுக்கை விரிப்பில் சுற்றிக் குழந்தையைப் போல அணைத்தபடி அன்று அவர் வந்தபோது, ஏன் தமிழ்ப் படம் எடுக்கவில்லை என்று நான் சிணுங்கினேன்.

"தமிழ்ப் படமெண்டா சத்தம் ரோட்டுக்குப் போகும் மகள். இங்கிலீசெண்டா யாருக்கும் கோவம் வராது" என்றார் சிரித்துக்கொண்டே.

படத்தில், பள்ளிக்கூடம் போகும் ஓர் அமெரிக்கப் பையன், தன் அறையிலிருந்தபடியே தொலைபேசிக் கம்பி வழியாகத் தன் கணினியை எங்கெங்கோ இணைத்து, விளையாட்டு என்று நம்பி, அணுகுண்டுகளைக் காவல்செய்யும் இராணுவக் கணினிக்குள் நுழைந்துவிடுகிறான். அந்தப் பேரியந்திரத்துக்கு விளையாட்டும் மெய்யும் வேறு வேறு என்று தெரியவில்லை. எதிரியின் ஏவுகணைகள் புறப்பட்டுவிட்டதாய்த் தளபதிகள் கலங்க, உலகம் சாம்பலாவதற்கு ஒரு பொத்தான் மட்டுமே மிஞ்சியிருந்தது. ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்காக ரசீன் நானா ஒவ்வொரு காட்சியையும் தமிழாக்கிக்கொண்டிருந்தார். "இந்தப் பொடியன் சும்மா விளையாடுறான் அக்கா. அந்த மெசின் மெய்யெண்டு நெனச்சிட்டுது."

திரைக்கு மிக அருகில், கண்கொட்டாமல் இருந்தவர் என் அண்ணன் சிவநேசன். உயர்தர வகுப்பு மாணவர். பழைய உதிரிகளைக் கோத்துத் தாமே ஒரு வானொலி செய்து, அதற்கு 'ஏரியல்' என்று கொய்யா மரத்திலிருந்து கூரைவரை செப்புக் கம்பி இழுத்திருந்தார். பின்னேரங்களில் உலகின் ஏதோ ஒரு மூலையின் பாட்டு அதில் கரகரத்து வரும்போது அவர் முகத்தில் தோன்றிய ஒளியை வேறெப்போதும் நான் கண்டதில்லை. போராளிகளோடு கதைக்கும் கருவி என்று ஆமிக்காரர் சந்தேகிப்பார்கள் எனப் பயந்து, கம்பியைக் கழற்றச் சொல்லி அப்பா கெஞ்சியிருந்தார். "இது கேக்கிறதுக்குத்தானே அப்பா, கதைக்கிறதுக்கு இல்லை" என்பார் அண்ணன். "வாறவங்களுக்கு அது தெரியுமே?" என்பார் அப்பா. எங்கள் வீதியில் கம்பியேதும் வைத்திராத இரண்டு தமிழ்ப் பொடியன்களை அவர்கள் ஏற்கெனவே வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

உலகம் எரியப்போகிறது என்று ரசீன் நானா பதறிய இடங்களில் அம்மா அசையவேயில்லை. கறுத்த உடை அணிந்தவர்கள் அந்தப் பையனைப் பிடித்து வண்டிக்குள் தள்ளிய இடத்தில்தான் கடலைத் தட்டு அவர் மடியிலிருந்து சரிந்தது. கண்களை மூடிக் கைகூப்பி, "பிள்ளையாரே, அந்தப் பிள்ளையை வீட்டை கொண்டுவந்து விடு, உனக்கு அர்ச்சனை செய்யிறன்" என்று வாய்விட்டே நேர்ந்தார்.

படம் நன்றாகவே முடிந்தது. உலகம் பிழைத்தது, பையனும் பிழைத்தான். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அது நடிப்புத்தானே அம்மா. ஐயர் பேர் நட்சத்திரம் கேட்டா என்ன சொல்லுவியள்?"

"நேந்தது நேந்ததுதான்."

"பாத்தியள்தானே, கடைசியில விட்டிட்டாங்கள்."

"அது அவையின்ர ஊர், தம்பி."

அண்ணனோ அப்போதும் கம்பியைக் கழற்றவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மா எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினார். தென்னக்கும்புரப் பாலத்தில் ஆமிக்காரர் எல்லாரையும் இறக்கிச் சோதித்தார்கள். அண்ணனின் அடையாள அட்டையை ஒருவன் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, அம்மா அர்ச்சனைத் தட்டோடு அண்ணனை ஒட்டி வந்து நின்றுகொண்டார். கோவிலில் ஐயர் தட்டை வாங்கி, "பேர் நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார். பரிகாசத்துக்கு ஆயத்தமாய் அண்ணன் என் தோளில் கைபோட்டு இடித்தார்.

"சிவநேசன். பூச நட்சத்திரம்" என்றார் அம்மா.

தோளில் இருந்த கை மெதுவாக விலகியது. கற்பூரத்தைத் தொட்டு ஒற்றிக்கொள்ளும்போது அண்ணன் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. வீடு வந்ததும், எவரும் கேளாமலே, கொய்யா மரத்தில் ஏறினார்.

சுருட்டிக் கொண்டுவந்த கம்பியை எறிந்துவிட அம்மாவுக்கு மனம் வரவில்லை. கிணற்றடித் தூணுக்கும் சமையல் குசினிச் சுவருக்கும் நடுவே கட்டி, சேலைகளை உலரப் போட்டார். சில வாரங்களில் ஆமிக்காரர் எங்கள் வீதியை வளைத்து வீடு வீடாக வந்தார்கள். அலுமாரி, அரிசிப் பெட்டி, அண்ணனின் புத்தகங்கள் எல்லாவற்றையும் கிளறினார்கள். பாட்டு மட்டுமே கேட்கத் தெரிந்த வானொலியைத் தட்டிப்பார்த்து வைத்தார்கள். ஒருவன் கொய்யா மரத்தை அண்ணாந்து பார்த்தான். அங்கே இலைகளே இருந்தன. பின்பு அண்ணன் வயதே மதிக்கத்தக்க அவன், அம்மாவின் ஈரச்சேலை முகத்தில் படாமல் குனிந்து, அந்தக் கம்பிக்குக் கீழாகவே கிணற்றடிக்குப் போனான். குசினிக்குள்ளிருந்து அம்மாவின் பதிகம் கேட்டது. வாய்க்குள் அல்ல; தெளிவாக.

அடுத்த ஆண்டு அண்ணன் கனடா போனார். கணினிகளோடு வாழ்ந்து, இப்போது ஓய்வும் பெற்றுவிட்டார். வீடு கைமாறி, கொய்யா மரமும் கிணறும் போய், அங்கே மாடி எழுந்திருக்கிறது. கசெற் வாடகைக் கடைகள் இருந்த சுவடும் இல்லை. ரசீன் நானாவும் இல்லை, அம்மாவும் இல்லை. யன்னல்களைத் திறந்து வைத்தே நான் இன்று பதிகம் பாடுகிறேன்.

அம்மா தொடங்கிய அர்ச்சனையை மாத்திரம் ஆண்டுதோறும் விடாமல் செய்துவருகிறேன். ஐயர் கேட்கும்போது அண்ணனின் பேரும் நட்சத்திரமும் சொல்வேன். பின்பு, எங்கள் வீதியிலிருந்து ஏற்றிச் செல்லப்பட்டு இன்றுவரை திரும்பாத அந்த இருவரின் பேர்களையும் சொல்வேன். அவர்களுடைய நட்சத்திரம் எனக்குத் தெரியாது.