வீடு யாருடையது என்பதற்குக் கிரேக்கத்தில் என்ன?

மைக்கைக் கண்டால் எனக்குப் புத்தி கெட்டுவிடும். போன வாரம் சுனாமி வீட்டுத்திட்டத்தின் சாவி வழங்கும் விழாவில் கிரேக்கம் பேசினேன். கருவாட்டு மணம் வீசுகிற பந்தலில்... கிரேக்கம்!

என்னை அழைத்துப்போனவர் எங்கள் தெரு ஹைறுன்னிசா. கடல் கொண்டுபோன வீடு அவருடையது. கல்யாணத்துக்கு வாப்பா கட்டிக் கொடுத்தது. காணி உறுதிப்பத்திரமும் அவர் பெயரில்தான். கணவர் வரிப்பத்தான்சேனையில் வேறொருத்தியைக் கல்யாணம் முடித்துக்கொண்டு போய் எவ்வளவோ காலம். நாட்டுச் சண்டையும் ஓய்ந்து, ஒருவழியாகப் புது வீடு வந்தது. யார் பெயரில்? அந்தக் கணவர் பெயரில்! குடும்பத் தலைவர் என்றால் ஆண்தானாம். அவரும் முன்வரிசையில் வந்து குந்தியிருந்தார்.

"காக்கா, நீங்க பேப்பர்ல எழுதுற ஆள். 'இது இவட ஊடு' எண்டு ஒரு வார்த்த சொல்லுங்க. ரெண்டு கொமருப் புள்ளைகள வெச்சித்து நான் எங்க போற?" என்றார் ஹைறுன்னிசா.

இந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறான். வீட்டுத்திட்டத்துக்குக் காசு கொடுத்த வெளிநாட்டுக்காரனுக்கு இது தெரியாமலிருக்கலாம். ஆனால் பெயர் பதிந்த அதிகாரி இதே கரையிலுள்ள கல்முனைக்குடிக்காரர் — மனைவியின் சீதன வீட்டில் குடியிருப்பவர்! அந்த வீட்டில் சோறு தின்றுவிட்டுக் கந்தோருக்கு வந்து, வீடு ஆணுக்கு என்று எழுத எப்படிக் கை வந்தது?

ஆத்திரத்தோடு மேடையேறினேன். சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம். நாக்கில் வந்து நின்றதோ, அண்மையில் அகராதியில் மேய்ந்த சொல் — தியாக்ரிசிஸ்.

"பிரித்தறிதல் என்று பொருள். வினையாக, தியாக்ரினோ: வேறாக்கிப் பார்ப்பது, தீர்ப்புச் சொல்வது. அதே வினை தியாக்ரினோமாய் என்று வந்தால் சண்டை பிடிப்பது. பிற்காலத்தில், தனக்குள்ளேயே இரண்டுபட்டுத் தடுமாறுவது! எங்கள் கந்தோர்கள் முதலாவதைக் கைவிட்டுக் கடைசியைப் பிடித்துக்கொண்டன. வீட்டில் ஒரு நியாயம், கந்தோரில் ஒரு நியாயம்!" என்று முழங்கினேன்.

கைதட்டல். அந்த அதிகாரியும் தட்டினார். விளங்காமல் தட்டினாரா, விளங்கித்தான் தட்டினாரா?

வியர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தேன். பந்தல் ஓரத்தில் ஹைறுன்னிசா நின்றார்.

"எப்படி?" என்றேன்.

"வடிவாத்தான் கதைச்சீங்க காக்கா. நீங்க விளங்கப்படுத்திக்கிட்டு நிக்கக்குள்ளயே அந்த வரிப்பத்தான்சேன ஆள் சாவிய வாங்கித்துப் போயித்தார்."