நல்லசாமி அய்யாவும் ஒழுகாத முன்கண்ணாடியும்

ஜூன் 9, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு நாற்பது. கைப்பேசியில் நல்லசாமி அய்யா எண்ணிலிருந்து மூன்று தவறிய அழைப்புகள். எனக்குக் கோபம்தான் வந்தது. விடிந்ததும் விடியாததுமாக இவருக்கு என்ன? பல்கூட விளக்காமல் திருப்பி அழைத்தேன். எதிரில் யார் என்று கேட்காமலே, "என்னங்கய்யா, மறுபடியும் ஒழுகுதா?" என்றேன்.

பேசியது அவர் மனைவி தங்கமணி அம்மா. "கார் ஒழுகலீங்க தம்பி. மழையே இல்லியே. அவருதான் போயிட்டாருங்க. தூக்கத்துலயே."

ஒரு சாவுச் செய்தியை இதைவிட மோசமாக யாரும் வாங்கியிருக்க முடியாது. ஆனால் அய்யா இதைக் கேட்டிருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். அதனால் மறைக்காமல் எழுதுகிறேன்.

நம் பழைய கார் குழுவில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. மோகனூர்ப் பக்கம் கோழிப்பண்ணை, வெண்ணெய் நிற அம்பாசிடர், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் கையில் ஓர் அட்டை முட்டை. உங்களில் பாதிப் பேர் அந்த முட்டையை வாங்கிக்கொண்டவர்கள். மீதிப் பேர் அவர் பேச்சுக்குப் பயந்து தள்ளி நின்றவர்கள். நான் இரண்டும் செய்திருக்கிறேன்.

என் பட்டறைக்கு அவர் முதல்முறை வந்தது ஒரு கோடைமழை நாளில். ஓட்டுநர் இருக்கையில் அவர். பக்கத்து இருக்கையில் மனைவி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. முன்கண்ணாடியின் இடது மேல்மூலையில் நுழைந்த தண்ணீர் உள்பக்கமாக இறங்கி, டாஷ்போர்டு ஓரத்திலிருந்து அந்த வாளிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

"எம்பட ஊட்டுக்காரி இந்த வண்டியில ஏறி ரெண்டு மழைக்காலம் ஆச்சுங்க" என்றார். கல்யாணத்துக்குப் போகும் வழியில் பட்டுச்சேலை மடியில் தண்ணீர் கொட்டியிருக்கிறது. தங்கமணி அம்மா உடனே வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, பின்னால் வந்த பேருந்தில் ஏறிப் போய்விட்டார். அன்றிலிருந்து எங்கே போனாலும் பேருந்துதான். "நான் கார்ல போறேன், அவ பஸ்ல வர்றா. ஊரே பாத்துச் சிரிக்குதுங்க. அவ மறுக்கா முன்னால வந்து உக்காரோணும். அதுக்கு என்ன பண்ணோணுமோ பண்ணுங்க சாமி."

"கண்ணாடியச் சுத்தி இருக்கற ரப்பர் மாத்தோணும், அதுக்கு மேல இருக்கற குரோம் பட்டை மாத்தோணும். ஒரு நாள் வேலை" என்றேன். அது ஒரு நாளில் முடியவில்லை என்பது உங்களுக்கே தெரியும். குழுவில் நீங்கள் அடித்த கிண்டல் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

பழைய ரப்பரை வெட்டி எடுத்தபோது அதன் அடியில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அதற்குள் எறும்புகள் குடும்பத்தோடு வாழ்ந்துகொண்டிருந்தன.

"என்னங்கய்யா இது?"

"முட்டைங்க."

"முட்டையா?"

"லாரிக்காரங்க ரேடியேட்டர் ஒழுகுனா முட்டைய ஒடச்சு ஊத்துறாங்கல்ல? ரேடியேட்டர் ஓட்டைய அடைக்கற முட்டை கண்ணாடி ஓட்டைய அடைக்காதா?"

"ரேடியேட்டர் தண்ணி கொதிக்குமுங்க. அதுல முட்டை வேகும். இது கண்ணாடிங்க!"

"வெயில்ல நிறுத்துனா இதுவுந்தான் வேகும். எம்பட பண்ணையில வந்து பாருங்க, தகரத்து மேல ஆம்லெட்டே போடலாம்."

படித்த படிப்பை எல்லாம் திரட்டி அரைமணி நேரம் வாதாடினேன். முடிவில் அவர் விட்டுக்கொடுத்தார், அதாவது முட்டைமேல் தப்பில்லை, ஒரு முட்டைதான் போதவில்லை என்று.

ரப்பர் போடுவது இரண்டு ஆள் வேலை. புது ரப்பரை வெயிலில் காயப்போட்டு இளக்கி, கண்ணாடியைச் சுற்றி மாட்டி, அதன் உள் விளிம்பில் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதிப்போம். சோப்புத் தண்ணீர் தடவிக் கண்ணாடியைத் தூக்கிச் சட்டத்தில் வைத்து, வெளியிலிருந்து ஒருவர் அழுத்த, உள்ளேயிருந்து ஒருவர் கயிற்றை மெல்ல இழுக்க வேண்டும். கயிறு வரவர ரப்பரின் விளிம்பு தகரத்தைத் தாண்டி உள்ளே மடிந்து உட்காரும். அழுத்தும் கையும் இழுக்கும் கையும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். "என் வண்டிக்கு நாந்தான் இழுப்பேன்" என்று அய்யா அடம்பிடித்து உள்ளே ஏறிக்கொண்டார்.

பாதி தூரம் பிரமாதமாகப் போனது. மூலைக்கு வரும்போது அவருக்கு முட்டைத் தரகரிடமிருந்து போன். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் போன். "சித்த இருங்கய்யா, அப்புறம் பேசுங்க" என்று நான் வெளியிலிருந்து கண்ணாடியைத் தட்டுகிறேன். அவர் கண்ணாடி வழியாகச் சிரித்துத் தலையாட்டிவிட்டு, "என்ன வெலைங்குற? அந்த வெலைக்குக் கோழியையே புடிச்சுட்டுப் போடா!" என்று கத்தினார். வாயில் வந்த வேகம் கையிலும் வந்தது. ரப்பர் மூலை கிழிந்துவிட்டது.

"போனை வைங்கய்யா!"

"வெச்சுட்டனுங்க."

"ரப்பர் போச்சு!"

"ரப்பரு வேற வாங்கிக்கலாமுங்க சாமி. அந்தத் தரகனைத் திட்டற நேரம் மறுக்கா அமையுமா?"

நான் ஸ்பேனரைத் தூக்கி எறிந்தேன். அவர் அதை எடுத்துத் துடைத்து, மறுபடி என் கையில் கொடுத்து, "அடுத்த தடவை எறியறதுக்கு ஆகும்" என்றார்.

இரண்டாவது ரப்பர் ஒழுங்காக உட்கார்ந்தது. சோதனைக்கு ஹோஸ் பைப்பை எடுத்தேன். அய்யா வெள்ளை வேட்டியோடு மனைவியின் இருக்கையில் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் கழித்துக் கதவுக் கண்ணாடியை இறக்கி, "ஒரு சொட்டுங்க" என்றார்.

"ஒரு சொட்டுதானுங்களே? பழைய வண்டிக்கு இதெல்லாம் சகஜம். கொஞ்சம் சீலண்ட் பசை வெச்சா நின்னுரும்."

அவர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். "உங்களுக்கு அது ஒரு சொட்டு. அது எங்க உழுகுதுன்னு பாருங்க. அவ மடியில உழுகுது."

எல்லாவற்றையும் மறுபடி கழற்றினேன். கோளாறு ரப்பரிலேயே இல்லை. கண்ணாடி உட்காரும் தகரச் சட்டம் அந்த மூலையில் துருப்பிடித்து அரித்துப் போயிருந்தது. எந்தக் காலத்திலோ யாரோ அதன்மேல் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்து மறைத்திருந்தார்கள். அந்த மேட்டின்மேல் எந்த ரப்பரும் படியாது. தகர வேலை செய்யும் டிங்கரை அழைத்துத் துருவை வெட்டி, புதுத் தகரம் பற்றவைத்து, பெயிண்ட் காயவைத்துப் பிறகு மூன்றாம் முறை கயிறு இழுத்தோம். அவர் போனைத் தானே அணைத்து என் பையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே ஏறினார். அன்று ஹோஸ் தண்ணீரில் வேட்டி நனையவே இல்லை. குரோம் பட்டையும் மாட்டினோம். பட்டையின் இரு முனைகள் சேரும் இடத்தை மூடும் சின்ன மூடி மட்டும் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு ஓட்டிப் போய், வாசலில் ஹாரன் அடித்து மனைவியைக் கூப்பிட்டிருக்கிறார். அம்மா வந்து பார்த்துவிட்டு, "பைப்புத் தண்ணியில எல்லா வண்டியுந்தான் நிக்கும். மழை வரட்டும், ஏறிப் பாக்குறேன்" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

மழை வரவில்லை. தினமும் எனக்குப் போன். "சேலத்துல பேயுதாமா?" "எனக்கெப்படிங்க தெரியும், நான் ரப்பர்க்காரன்." ஒருநாள் கறுத்துக்கொண்டு வந்தது. அய்யா காரை வாசலில் கொண்டுவந்து, இன்ஜினை ஓடவிட்டு, இடது கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்திருக்கிறார். மேகம் அப்படியே நகர்ந்து போய்விட்டது. "நம்ம மழைய ஜேடர்பாளையத்துக்காரங்க தட்டீட்டுப் போயிட்டாங்க சாமி" என்று புகார் சொன்னார். நான் அவரிடம் பேசியதில் அதுதான் கடைசி.

காரியத்தன்று மோகனூர் போனேன். காரியம் முடிந்ததும் பிறந்த வீட்டார் வந்து பெண்ணை அழைத்துப்போய்ச் சில நாள் வைத்திருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தங்கமணி அம்மாவின் தம்பி ஆட்டையாம்பட்டியிலிருந்து புதுக் காரோடு வந்திருந்தார். கிளம்பும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சும்மா தூறல் இல்லை, கூரைத் தகரம் அதிரும் மழை.

தம்பி குடை விரித்து, "அக்கா, வா. ஏசி போட்டு வெச்சிருக்கேன்" என்றார்.

அம்மா குடைக்குள் வரவில்லை. நனைந்துகொண்டே நேராக அம்பாசிடரிடம் போய், இடது கதவைத் திறந்து உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க ஓட்டுங்க" என்றார்.

நாமக்கல் தாண்டி, ராசிபுரம் தாண்டி, வழியெல்லாம் மழை. வைப்பர் அதன் வயதுக்கு ஏற்ற வேகத்தில் ஆடியது. அம்மா டாஷ்போர்டு ஓரத்துக்குக் கீழே மடியில் வலது கையை மல்லாத்தி வைத்திருந்தார். நான் சாலையைப் பார்த்ததைவிட அந்தக் கையைத்தான் அதிகம் பார்த்தேன். ஆட்டையாம்பட்டி எல்லையில் அவர் கையை மடக்கிக்கொண்டார். உள்ளங்கை காய்ந்தே இருந்தது.

"ஒழுகுனா அந்த மனுசனை நல்லா வையலாம்னு நெனச்சுட்டு வந்தனுங்க" என்றார். "அதுக்கும் வழியில்லாம பண்ணிட்டுப் போயிட்டாரு." சொல்லிவிட்டுச் சிரித்தார். கொஞ்சம் அழவும் செய்தார். நான் வைப்பரைத் திட்டுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன்.

நல்லசாமி அய்யாவிடமிருந்து நான் முட்டை வைத்தியத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பொறுமையும் எனக்கு வராது. வைத்துக்கொண்டது ஒன்றுதான்: தண்ணீர் எவ்வளவு உள்ளே வருகிறது என்று இப்போது நான் கேட்பதில்லை, யார் மேல் விழுகிறது என்று கேட்கிறேன்.

இனி செய்யப்போவது:

1. அந்தக் குரோம் பட்டை மூடி. கடையில் கிடைக்காது, லேத்தில் கொடுத்துச் செய்துகொள்வேன்.

2. பின்கண்ணாடி ரப்பரும் வெடித்திருக்கிறது. பின்னால் யாரும் உட்காருவதில்லை என்று விட்டிருந்தோம். இனி உட்காருவார்கள், காரணம் நான்காவதில் இருக்கிறது.

3. வைப்பர் மோட்டார்.

4. தங்கமணி அம்மாவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. "பஸ்ஸுக்கு நின்னது போதும்" என்கிறார். முதல் பாடம் வரும் திங்கட்கிழமை. நான் கத்தினால் வண்டியை நிறுத்தி என்னை இறக்கிவிட்டுவிடுவாராம். பின்னால் பேருந்து வரும், அதில் ஏறி வந்துகொள்ள வேண்டுமாம்.