ஜன்னலுக்கு வெளியே எழுந்து நின்றவர்கள்

முதல் உலக யுத்தத்துக்குச் சில வருடங்கள் முந்தி நடந்தது இது. அப்போது பதுளைக்கு ரயில் கிடையாது. பண்டாரவளையில் இறங்கி மாட்டு வண்டியில் ஏற வேண்டும். குலுங்கிக் குலுங்கி, இடுப்பு கழன்றேவிட்டது என்று நினைக்கும் சமயத்தில்தான் ஊர் கண்ணுக்குத் தெரியும். ஊருக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் விளிம்பில், துரைமார் கூடும் கிளப் ஒன்று இருந்தது. அங்கே பியானோ வாசிக்கிற வேலை எனக்கு.

நான் திருச்சிக்காரன். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒரு பாதிரியாரின் மனைவி எனக்குப் பியானோ கற்றுக்கொடுத்தார். கொழும்பில் ஒரு ஹோட்டலில் கொஞ்ச காலம் வாசித்துவிட்டு, மலைநாட்டுக் குளிரில் கோட்டுப் போட்டுக்கொண்டு கௌரவமாக இருக்கலாம் என்று பதுளைக்கு வந்தேன். கோட்டு இருந்தது. கௌரவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், என் வேலை என்ன என்பதைச் சொன்னாலே போதும்.

சாயங்காலம் டென்னிஸ் முடிந்ததும் துரைமாரும் துரைசானிமாரும் கையில் மதுக் கிண்ணத்தோடு நின்று பேசுவார்கள். அந்தப் பேச்சுக்கு அடியில் நான் வாசித்துக்கொண்டிருக்க வேண்டும். சத்தம் கூடினால் செக்ரட்டரி துரை புருவத்தைத் தூக்குவார். குறைந்தாலும் தூக்குவார். மேசைமேல் விரிக்கிற துணி மாதிரிதான் நான். விரித்திருக்க வேண்டும், ஆனால் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். எத்தனையோ அருமையான உருப்படிகளை வாசித்திருக்கிறேன். ஒருவராவது பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்க மாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன். கேட்கிறவன் இல்லாத வாசிப்பு மனிதனை உள்ளுக்குள் அரித்துவிடும்.

பியானோவுக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல். அதன் வழியே பின்முற்றம் தெரியும். துரைமார் ஏறி வந்த குதிரைகளைப் பிடித்துக்கொண்டு குதிரைக்காரர்கள் அங்கே குந்தியிருப்பார்கள். கிளப்பில் வேலை செய்கிறவர்களும் வேலை ஓய்ந்தால் அங்கேதான். எல்லாரும் நம் ஆட்கள், பக்கத்துத் தோட்ட லயங்களில், அந்த நீள வரிசை வீடுகளில், குடியிருப்பவர்கள். நான் அவர்களோடு அதிகம் பேசியதில்லை. டை கட்டியவன் எப்படிப் பேசுவது என்று எனக்கு ஒரு நினைப்பு.

கிளப்புக்குப் பின்னால்தான் என் அறை. ஒரு நாள் விடியும் நேரத்தில், பனிமூட்டத்துக்குள் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்து லயத்திலிருந்து தப்புப் பறையின் சத்தம் கேட்டது. எழுந்து ஜன்னலைத் திறந்தேன். அப்படி ஒரு அடியை நான் கேட்டதே இல்லை. இழுத்து, நிறுத்தி, மறுபடி பாய்ந்து வரும் தாளம். மாரியம்மன் திருவிழாவுக்குப் பழகுகிறார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வேறு எந்தச் சத்தமும் அவ்வளவு தூரம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அது பாதியில் நின்றுவிட்டது. முடியாமல் நின்ற தாளம் காதுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்கு ஒரு முடிவு வைக்காமல் எனக்கு நிம்மதி இல்லை.

அன்று எனக்கு வெந்நீர் வரவில்லை. தினமும் வாளியில் வெந்நீர் கொண்டுவந்து வைக்கிற ஆள் வரவே இல்லை. நடுத்தர வயது, அதிகம் பேசாத மனிதர். மறுநாள் வந்தவரை நன்றாகவே ஏசினேன். குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவினால் என் விரல் விறைத்துப்போகும், அதெல்லாம் உனக்கு எங்கே தெரியப்போகிறது என்று கேட்டேன்.

"மன்னிச்சுக்கங்க மாஸ்டர். வீட்டுல ஒரு வேல இருந்திச்சிங்க" என்றார். அவ்வளவுதான்.

அந்த வாரம் முழுக்க அந்தத் தாளத்தோடு கிடந்தேன். இடக்கையில் தப்பின் அடியை அப்படியே வைத்து, வலக்கைக்குத் துள்ளலாக ஒரு மெட்டுக் கட்டினேன். லயத்து ஆட்கள் பாதியில் நிறுத்திய இடத்திலிருந்து எடுத்து, என் சொந்தச் சரக்காக ஜோராக ஒரு முடிவும் வைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் துணிந்து வாசித்தேன்.

பேச்சு நின்றது. ஒரு துரை கிண்ணத்தை வைத்துவிட்டு ஒரு துரைசானியின் கையைப் பிடித்தார். பிறகு எல்லாரும் ஆடினார்கள். மறுபடி வாசி, மறுபடி வாசி என்று கேட்டார்கள். அதற்குக் 'கூலி டான்ஸ்' என்று பெயரும் வைத்தார்கள். அந்தப் பெயர் சுருக்கென்று தைத்தது. ஆனால் முதல் முறையாக என்னைக் கேட்டார்களே, அந்தச் சந்தோஷத்தில் அதை விழுங்கிவிட்டேன்.

அதைவிடப் பெரிய சந்தோஷம் ஜன்னலுக்கு வெளியே இருந்தது. நான் ஆரம்பித்த உடனே, குந்தியிருந்த குதிரைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். தலைத்துணியை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். வாசித்து முடிக்கும்வரை தலை குனிந்து நின்றார்கள். வெந்நீர்க்காரர் அவர்களுக்கு முன்னால் நின்றார். அடடா, நம் ஜனங்களுக்கு அல்லவா சங்கீதத்தின் அருமை தெரிந்திருக்கிறது என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாசித்துக்கொண்டே அவர்களைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தேன். கொழும்பு ஹோட்டலில் பாண்டு மாஸ்டர் சபையின் மரியாதையை ஏற்றுக்கொள்வாரே, அப்படி. அடுத்த சனிக்கிழமையும் அதேதான். அவர்கள் எழுந்தார்கள், நான் தலையசைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலர் பட்டன் வாங்கப் பதுளைக் கடைத்தெருவுக்குப் போனேன். வழக்கமாகப் போகும் முஸ்லிம் முதலாளியின் கடை. அவர் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தபோது, என் விரல்கள் மேசைமேல் அந்தத் தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தன. அவர் தேடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"மாஸ்டர், ஊர்ல யாரும் மவுத்தாகிட்டாங்களா?"

இல்லையே என்றேன்.

"அப்ப ஏன் ஏவார நேரத்துல என் மேசையில சாவுத் தப்பு அடிக்கிறீங்க? இது பொணம் தூக்குற அடி. தோட்டத்துப் பக்கம் இருந்துகிட்டு இது தெரியாதா உங்களுக்கு?"

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. பட்டனை வாங்கினேனா இல்லையா என்பதுகூட நினைவில்லை. மேட்டுப் பாதையில் நடக்க நடக்க, எழுந்து நின்ற குதிரைக்காரர்கள்தான் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். பிணம் போகும்போது நம் ஆட்கள் எழுந்து தலைத்துணியை அவிழ்ப்பார்கள். அவர்கள் எழுந்தது செத்தவருக்காக. தலையசைத்தது நான். வழியில் யாரும் இல்லாதபோதும் முகத்தைத் துண்டால் மூடிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இனி அந்த உருப்படியைத் தொடுவதில்லை என்று தீர்மானித்தேன்.

அறைக்கு வந்தபோது வெந்நீர்க்காரர் வாளியோடு நின்றிருந்தார். அன்றைக்கு விடியற்காலை லயத்தில் யாருக்குத் தப்பு அடித்தார்கள் என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரிக்குத்தாங்க" என்றார். "காய்ச்சல்ல போயிட்டா."

வீட்டில் ஒரு வேலை என்று அவர் சொன்னது இதைத்தான். வெந்நீருக்காக நான் ஏசியது அந்த மனிதரை. அவரே பேசினார். அவர் அவ்வளவு பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"பெரட்டுல ஆள் கணக்கெடுக்க நேரமாச்சின்னு கங்காணி தப்ப நிறுத்தச் சொல்லிட்டாருங்க. ஆளுக எல்லாம் வேலைக்கிப் போயிட்டாங்க. நாலு பேரு மட்டுந்தான் தூக்கிட்டுப் போனோம், ஒரு சத்தமும் இல்லாம. அதுதாங்க என் மனசுல கெடந்து அறுத்திச்சி. அந்தச் சனிக்கெழம நீங்க வாசிக்கிறீங்க. நின்ன எடத்துலருந்து எடுத்து முடிச்சு வச்சீங்க. ஏசுன மனுசன், எப்படியோ வெசயம் தெரிஞ்சு, மனசு கேக்காம செய்யிறாருன்னு நெனச்சேன். தொரமாரே எந்திரிச்சி ஆடுனாங்களே. எந்தப் பொம்பளைக்கிங்க அப்படி நடந்திருக்கு?"

சாவு ஊர்வலத்தில் தப்புக்கு முன்னால் ஆடுவது அவர்கள் வழக்கம். துரைமார் கேலியாகக் குதித்ததை, தன் மனைவிக்குச் செய்த மரியாதையாக அவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு வாசலில் வைத்திருந்த ஒரு தட்டை எடுத்து வந்து நீட்டினார். கொஞ்சம் அரிசி, ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கு. தப்பு அடித்தவருக்குச் சாவு வீட்டில் கொடுக்க வேண்டியது அது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் தகப்பனாரின் பரம்பரைத் தொழிலே தப்பு அடிப்பதுதான். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தபோது அதை விட்டுவிட்டார். அதன் சத்தம்கூட எங்கள் காதில் விழாமல் மிஷன் வளாகத்துக்குள்ளேயே எங்களை வளர்த்தார். அதனால்தான் அந்த அடி எனக்குத் தெரியாமல் போயிற்று. ஆனால் அந்தத் தட்டு என்ன தட்டு என்பது மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது. என் கை ஒரு கணம் பின்னால் போனது. கடல் தாண்டி, கோட்டுப் போட்டு, கடைசியில் இந்தத் தட்டுக்குத்தான் வந்தேனா என்று தோன்றியது. மனைவியைப் பறிகொடுத்தவர் நன்றியோடு நீட்டும்போது, இது என் அந்தஸ்துக்குத் தகுமா என்று யோசித்த அந்த ஒரு கணத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அப்புறம் வாங்கிக்கொண்டேன்.

"வர்ற சனிக்கெழம அவளுக்குக் கருமாதிங்க. சொந்தக்காரங்க எல்லாம் வேலிக்கி வெளியில நின்னு கேட்டுக்கிறோம். அன்னைக்கும் வாசிப்பீங்களாங்க?"

எனக்கு எதுவுமே தெரியாது, உன் மனைவி செத்ததும் தெரியாது, துரைமார் சிரிப்பதற்காக வாசித்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என் பாரம் இறங்கும். அந்த மனிதரிடம் மிச்சமிருந்த ஒரே ஆறுதல் போய்விடும். வாசிக்கிறேன் என்றேன்.

சனிக்கிழமை வந்தது. தூறல். வேலிக்கு அப்பால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆண்களும் பெண்களும் நின்றிருந்தார்கள். துரைமார் வழக்கம்போலக் கூலி டான்ஸ் கேட்டார்கள். அன்றைக்காவது ஒழுங்காக வாசிக்க வேண்டும் என்று, அந்த விடியற்காலையில் கேட்ட அதே நிதானத்தில் ஆரம்பித்தேன். ஆடக் கிளம்பியவர்களுக்குக் கால் பின்னியது. செக்ரட்டரி துரை வந்து பியானோ மூடியை விரலால் தட்டினார். "சுறுக்கா, சுறுக்கா" என்றார், கொழுந்து பறிக்கிறவர்களிடம் சொல்லும் அதே தமிழில்.

நான் ஒரு வீரனாக இருந்திருந்தால் கையை எடுத்திருப்பேன். எடுக்கவில்லை. என் விரல்கள் அவர் சொன்னபடியே வேகம் பிடித்தன. வேலை போய்விடுமே என்ற பயம், வேறொன்றும் இல்லை.

உள்ளே ஆட்டம் களைகட்டியது. வெளியே பார்த்தேன். வெந்நீர்க்காரர் இடுப்பில் கட்டியிருந்த தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு ஆட ஆரம்பித்திருந்தார். பின்னாலேயே இன்னும் சிலர். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். ஒரு துரைசானி அவர்களைச் சுட்டிக்காட்டி, நம் பாட்டுக்கு அவர்களும் ஆடுகிறார்கள் பாருங்கள் என்று சிரித்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் விளையாட்டு, அந்தப் பக்கம் துக்கம், இரண்டுக்கும் ஒரே தாளம். இரண்டும் தெரிந்தவன் அந்த இடத்தில் நான் ஒருவன்தான். கண்ணை மறைத்த நீரோடு வாசித்து முடித்தேன்.

வேலிக்கு அப்பாலிருந்து அவர் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். இந்த முறை எனக்குத் தலையசைக்க வரவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி, பெயர்கூடத் தெரியாத அந்தப் பெண்ணுக்காக, தலை குனிந்து நின்றேன். அவர்கள் முன்பு நின்றார்களே, அதே மாதிரி.

பாராட்டைக் கேட்டு வாங்க எழுந்திருக்கிறான் என்று நினைத்து, துரைமார் படபடவென்று கை தட்டினார்கள்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் வேலையை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டேன். வெந்நீர்க்காரர்தான் என் பெட்டியை வண்டிவரை சுமந்து வந்தார். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லாதது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் வாசித்துவிட்டேன். இப்போதும் வாசித்து முடித்ததும் யாராவது கை தட்டினால், அவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஜன்னல் எங்கே இருக்கிறது என்றுதான் என் கண் தேடுகிறது, தலை தானாகவே குனிந்துவிடுகிறது.