மாப்பிள்ளை விட்ட பொய் மழை

பால்காரர் சைக்கிளைப் பாலத்தில் ஏற்றுவதற்குள் மாப்பிள்ளை வாசலுக்கு ஓடி வந்துவிடுவார். "அண்ணே, இறங்கித் தள்ளிட்டுப் போங்கண்ணே. பலகை தடதடங்குது."

"மீனுக்குத் தூக்கம் கெட்டுருமா?"

"தூங்கலண்ணே. பயந்துக்கும்."

"பயந்துக்கறது மீனா, நீங்களா?" என்று கேட்டுக்கொண்டே பால்காரர் இறங்கித் தள்ளுவார். இது தினம் நடப்பது. பால்காரர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பயப்படுவது மாப்பிள்ளைதான். இல்லையென்று மாப்பிள்ளை சாதிப்பார். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என் மகளைக் கட்டியவர். ஒல்லியான ஆள், நீளக் கை, காது மட்டும் உடம்புக்குச் சேராமல் பெரிது. தடுப்பணையில் மதகு ஏற்றி இறக்குவது வேலை. அணைக்கு ஓரமாக மீன் ஏறுவதற்கென்று சிமெண்டில் படி கட்டியிருக்கிறார்கள். ஒரு தொட்டி வழிந்து அடுத்த தொட்டியில் விழும். அது வழிந்து அதற்கும் கீழே விழும். மீன் கீழேயிருந்து துள்ளித் துள்ளி மேலே போகும். அதில் தண்ணீர் அறாமல் பார்த்துக்கொள்வதும் இவர் பொறுப்பு. சம்பளம் மதகுக்கு; கவலை முழுக்கப் படிக்கு.

ட்ரவுட் என்கிற இந்தக் குளிர்த்தண்ணீர் மீன் ஓரிடத்தில் கிடக்காது. குளிர் இறுகினால் பாலத்தடி மடுவில் இறங்கி, ஒரே போர்வைக்குள் முடங்கின வீட்டார் மாதிரி அசையாமல் கிடக்கும். தீனியும் அதிகம் வேண்டாம். பனி விட்டதும் சலசலவென்று ஓடும் மேட்டுத் தண்ணீருக்கு வந்து, பூச்சி பிடித்துத் தின்று உடம்பு தேற்றும். வெயில் ஏறினால் அதற்கு மூச்சு முட்டும். கரையில் எங்கே ஊற்று கசிகிறதோ அங்கே போய், நிழலில் மூக்கோடு மூக்கு வைத்து நிற்கும். இலை உதிரத் தொடங்கி முதல் மழை பெய்ததும் வேறு நினைப்பு வந்துவிடும். பிறந்த ஓடைக்கே ஏறிப்போய், பெண் மீன் கூழாங்கல்லை வாலால் விலக்கிக் குழி பறித்து, முட்டையிட்டு, மறுபடி கல்லால் மூடிவிட்டு, இளைத்துப்போய்த் திரும்பி வரும். அந்த ஓடை அணைக்கு மேலே இருக்கிறது.

மாப்பிள்ளையும் அதன்படிதான் நடக்கிறார். குளிர்காலத்தில் பேச்சே கிடையாது. வசந்தத்தில் இரண்டு தட்டு சாப்பிடுவார். வெயில் காலத்தில் மதியம் ஊற்றுக்குப் பக்கத்தில்தான் ஆளைப் பிடிக்கலாம். இலையுதிர் காலத்தில் வீட்டில் பாத்திரம் விழுந்தால்கூட, "மெதுவாம்மா" என்பார். ஆறு எங்கே இருக்கிறது, அடுப்படி எங்கே இருக்கிறது.

"எனக்கு ரெண்டு பிரசவம் ஆச்சு. அப்பல்லாம் குறட்டை விட்டுத் தூங்கின மனுஷன். மீனுக்கு மாசம்னா மட்டும் இவருக்கு இடுப்பு வலிக்குது" என்பாள் என் மகள்.

"உனக்கு டாக்டரம்மா இருந்தாங்க. அதுங்களுக்கு யாரு இருக்கா?" என்று மாப்பிள்ளை மெல்லக் கேட்பார். கேட்டுவிட்டுத் தட்டைப் பார்ப்பார்.

இந்த வருஷம் மழை வரவில்லை. ஆறு கல்லும் சகதியுமாக மெலிந்துவிட்டது. அணைக்குக் கீழே அதே பாலத்தடி மடுவில் மீன் வந்து அடைந்துகொண்டே இருந்தது. மழைத் தண்ணீர் வந்து தள்ளினால்தான் அது படியைத் தேடும். சும்மா கசிகிற தண்ணீரை நம்பாது. மாப்பிள்ளை பாலத்தில் குப்புறப் படுத்து எட்டிப் பார்ப்பார். பிறகு மல்லாந்து வானத்தைப் பார்ப்பார். போகிறவர்கள் தாண்டிப் போவார்கள்.

அப்போதுதான் எஞ்சினியரம்மா வந்தார்கள். சின்ன வயது, கோபமே வராத பெண். "சுவருக்கு அடியில விரிசல் விட்டிருக்குங்க. குளிர்கால வெள்ளம் வர்றதுக்குள்ள பூசியாகணும். கீழ ஊர் இருக்கு. சனிக்கிழமை கொத்தனார் வர்றாரு. அன்னைக்குச் சுவத்தடி காஞ்சிருக்கணும். படிக்கும் தண்ணி கூடாது."

"சரிங்கம்மா."

"வேலை முடிய நாளாகும். அதுக்குள்ள மீன்..."

"முட்டை நிக்காதுங்கம்மா. சகதியிலயே கொட்டிரும்."

"மழை வந்துட்டா?"

"வந்துட்டா நல்லதுங்கம்மா."

அந்தப் பெண்ணும் என்ன செய்வாள். வெள்ளத்தில் சுவர் போனால் ஊர் போகும். மாப்பிள்ளை அன்று ராத்திரி சோற்றை அளைந்துகொண்டே இருந்தார். அவர் எதை நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

போன வருஷமும் மழை தவறியது. அப்போது இவராக மதகைக் கொஞ்சம் தூக்கித் தண்ணீர் விட்டார். மதகுக்காரர்கள் இதைப் பொய் மழை என்பார்கள். மழை வந்துவிட்டதென்று மீன் நம்பி மடுவை விட்டுக் கிளம்பியது. பாதி வழி வருவதற்குள் ஆபீஸிலிருந்து போன் வந்தது, மதகை மூடச் சொல்லி. மூடினார். மேட்டில் ஏறின மீனெல்லாம் கல்லில் கிடந்து துடித்தது. துணி துவைக்கிற வாளியைத் தூக்கிக்கொண்டு இவரும் என் மகளும் அள்ளி அள்ளி மடுவில் விட்டார்கள். இவர்கள் அள்ளியதைவிடக் கொக்கு தின்றது அதிகம். மாப்பிள்ளை ஒரு வாரம் ஆற்றுப் பக்கமே முகம் காட்டவில்லை. "என்னை நம்பி வந்துச்சு அத்தை" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

இந்தத் தடவை, எஞ்சினியரம்மா வந்துபோன மறுநாள் காலையில் மாப்பிள்ளை அவருக்குப் போன் போட்டார். "எப்படியும் மேல நிக்கிற தண்ணியை இறக்கணும்லங்கம்மா. பக்க வாய்க்கால்ல விடாம, ஆத்துலயே விடறேன். பாதியில மட்டும் மூடச் சொல்லாதீங்க." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவர் நாலைந்து தரம் சரிங்கம்மா சொன்னார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "விடச் சொல்லிட்டாங்க அத்தை. ஆனா சனிக்கிழமை காலையில காஞ்சிருக்கணும்." சந்தோஷப்படுகிற முகமில்லை அது.

வியாழக்கிழமை மதியம் மதகைத் தூக்கினார். தண்ணீர் கலங்கி, இலையும் சருகுமாக இறங்கியது. மழைத் தண்ணீர் மாதிரியேதான் இருந்தது, நானே நம்பியிருப்பேன். மீன் நம்பவில்லை. மடுவில் ஓர் அசைவு கிடையாது. என் மகள் கொண்டுபோன டீ அவர் பக்கத்தில் ஏடு படிந்து ஆறிப்போனது.

"நெனப்பு வச்சிருக்குமோ?" என்றார்.

"மீனுக்கு ஏதுங்க அவ்வளவு நெனப்பு. உங்களுக்குத்தான்" என்றாள் அவள்.

பொழுது சாயும் நேரத்தில் சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓர் ஆண் மீன் முதல் தொட்டியில் துள்ளியது. விழுந்தது. மறுபடி துள்ளியது. அதற்குப் பின்னால் இன்னொன்று. இருட்டுவதற்குள் மடுவின் மேல் தோல் உரிந்தது மாதிரி தண்ணீர் நெளிந்தது. மாப்பிள்ளை சிரிக்கவில்லை. மேலே தண்ணீர் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்க எழுந்து ஓடினார். வெள்ளிக்கிழமை முழுதும் அதே வேலைதான்: கீழே ஓடி மீனைப் பார்ப்பது, மேலே ஓடித் தண்ணீரைப் பார்ப்பது. மீன் ஏற ஏறத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. எது முந்தும் என்று தெரியவில்லை.

சனிக்கிழமை விடிந்தபோது மடுவில் எண்ணிவிடக் கூடிய மீன்தான் இருந்தது. படியில் நூல் கனத்துக்குத் தண்ணீர். கொத்தனாரும் ஆட்களும் வந்துவிட்டார்கள். எஞ்சினியரம்மாவும் குடையோடு வந்து நின்றார்கள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மாப்பிள்ளை படிக்கு மேல்வாயில் பலகையை இறக்கி அடைத்தார். பிறகு குப்புறப் படுத்து, ஒவ்வொரு தொட்டியின் மூலையிலும் நீளக் கையை விட்டுத் துழாவிக்கொண்டே வந்தார். பாதி ஏறி, களைத்து, சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிற மீன் கண்ணுக்குத் தெரியாது. விட்டுவிட்டால் தண்ணீர் வற்றி அங்கேயே போய்விடும்.

மேலேயிருந்து இரண்டாவது தொட்டியில் கை நின்றது. வெளியே எடுத்தபோது, வயிறு நிறைந்த பெண் மீன். அவர் முழங்கை நீளம் இருந்தது. வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

சட்டையைக் கழற்றி நனைத்துச் சுற்றிக்கொண்டு மேலே ஏறினார். அணைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நின்று வற்றின இடத்தின் சேற்றில் முழங்கால் புதையப் புதைய நடந்து, நடுவில் ஓடிப் பக்க வாய்க்காலுக்குத் திரும்புகிற ஓடையில் இறங்கினார். செவுளில் தண்ணீர் ஓடி மூச்சு வரட்டுமென்று மீனை ஓட்டத்துக்கு முகம் காட்டிப் பிடித்துக்கொண்டார். அது பக்கவாட்டில் சாய்ந்தது. நிமிர்த்தினார். மறுபடி சாய்ந்தது.

"அண்ணே, கலவை இறுகுது" என்று கொத்தனார் கத்தினார்.

"இறங்கி வாங்க, ஆரம்பிக்கணும்" என்றார்கள் எஞ்சினியரம்மா.

மாப்பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையை மட்டும் மீனிடமிருந்து எடுத்து, முதுகுக்குப் பின்னால் அவர்கள் பக்கமாக, பொறுங்கள் என்கிற மாதிரி உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அப்படியே வைத்திருந்தார்.