கேமராவுக்கு ஒரு சாட்சி

மாத்தளைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் அவரைக் கண்டேன். சிறுவர்களுக்கான கிறிஸ்தவ வீடியோக்கள் தயாரிக்கும் ஊழியமொன்றின் படப்பிடிப்பாளர். பத்திரிகைக்காக அவர்களைப் பற்றி எழுதப் போயிருந்தேன். வானொலிக் கதைகளில் தொடங்கி, கேசட்டாக மாறி, இப்போது கைத்தொலைபேசிக்கு வந்து சேர்ந்த வரலாற்றை மனப்பாடமாகச் சொன்னார். "பிள்ளைங்க சொன்னாத்தான் பிள்ளைங்க நம்பும்" என்பது அவர்களுடைய கொள்கையாம்.

இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை. பிள்ளைகளிடம் பேசும்போது மட்டும் கைக்குட்டையை விரித்து முழந்தாளிடுவார். பெரியவர்களிடம் பேசும்போது கேமராத் திரையிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார்.

அன்று ஒரு சிறுமி, இயேசு தன் வீட்டில் செய்த மாற்றத்தைக் கேமரா முன் சாட்சியாகச் சொல்ல வேண்டும். அவர் சொல்லிக்கொடுத்தார்.

"அப்பா குடிச்சிட்டு அடிச்சாரு, இயேசப்பா அவர மாத்துனாருன்னு சொல்லு கண்ணு."

கொழுந்து பறித்துவிட்டு வந்த தாய் குறுக்கிட்டாள். "அவரு குடிக்கவே மாட்டாருங்க சேர். பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க?"

"சாட்சின்னா முந்தி ஒரு பாவம் இருக்கணும்மா. இல்லன்னா இயேசப்பா எத மாத்துனாருன்னு காட்டுறது?"

அவள் மகளுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அம்மா, பிள்ளைய மறைக்கிறீங்க."

"மறைக்கத்தாங்க நிக்கிறேன்."

கேமராவை அணைத்துப் பைக்குள் வைத்தார். கோபப்படவில்லை. புறப்படுமுன் எல்லோரையும் கண்மூடச் சொல்லி, அந்தத் தகப்பன் குடியை விட வேண்டுமென்று உரக்க ஜெபித்தார். லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. நான் கண்ணை மூடவில்லை. அது நடிப்பில்லை என்பதைப் பார்த்தேன். நடிப்பாக இருந்திருந்தால் அவரை அன்றே மறந்திருப்பேன்.