உயரம் குறைந்த எழுத்துகள்

“காங்கேசன்துறையில் பழைய ஈய அச்செழுத்துகள் வாங்கினேன்” என்று 1969 ஆவணி நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். விற்றவர் அடித்துக்காட்டிய தாள் துப்புரவாக இருந்தது; நம்பிவிட்டேன்.

கொக்குவிலில் என் அச்சகத்தில், இறந்துபோன அயலவர் ஒருவரின் முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டிக்கு வருவோருக்குக் கொடுக்கும் ‘கல்வெட்டு’ என்ற நினைவுப் புத்தகத்தை, அவற்றையும் என் எழுத்துகளையும் கலந்து கோத்தேன். மாதிரித் தாளைப் பார்த்த அவருடைய மகன் பதறினார்.

“அண்ணை, அப்பாவின்ரை பேரே மங்கிக் கிடக்கு! நாளைக்கு அந்தியேட்டி. சனத்துக்கு என்னத்தைக் குடுக்கிறது?”

“பொறும் தம்பி. பொழுதுபட முன்னம் பேர் பளிச்செண்டு நிக்கும்.”

வாங்கிய எழுத்துகள் மயிரிழையளவு உயரம் குறைந்தவை; தனியே அடித்தால் குறை தெரியாது, என் எழுத்துகளோடு கலந்தால் தாளில் சரியாகப் படாது. அவற்றைப் பிரித்தெடுத்து, என் எழுத்துகளால் மட்டும் மறுபடி கோத்து அடித்து, சொன்னபடி கொடுத்தேன்.

இப்போது என் எழுத்தொன்றைக் கொண்டுபோய், பக்கத்தில் நிறுத்தி, உயரம் ஒன்றுதானா என்று நகத்தால் தடவிப் பார்த்தே பழைய எழுத்து வாங்குகிறேன். அன்று காங்கேசன்துறையில் வாங்கியவை சென்னையில் வார்த்தவை என்றார் விற்றவர். அதை இன்னும் உறுதிப்படுத்த முடியவில்லை.